உங்கள் ஃபோர்-பை-ஃபோர் எப்போது ஊளையிடுகிறது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பக்கியை, அதாவது பின்னால் சாமான் ஏற்றுகிற பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச வாருங்கள் என்றார்கள், அதிலும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர்-பை-ஃபோர் பக்கியின் அடியிலிருந்து வருகிற அந்த ‘ஊ...ங்’ சத்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், உடனே சரி என்றுவிட்டேன். டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் கரும்பும் காய்கறியும் போடுகிறவர்கள், ஞாயிறு விடியற்காலையில் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள், பனி விழுந்த சேதி கேட்டதும் சானி பாஸ் மலைப்பாதை ஏறக் கிளம்பிவிடுகிற நம் பையன்கள், எல்லோரும் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, அடியிலே எங்கேயோ ஊளையிடுது, எங்கேன்னு பாருங்க.”

நான் முதலில் கேட்பது எங்கே என்று அல்ல, எப்போது என்று. பக்கியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், முழுக்க இரும்பு. டிஃப் என்றால் டிஃபரன்ஷியல், அச்சின் இரண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. முன் டிஃபில் கிளம்புகிற சத்தம் அந்த இரும்பு வழியாகவே ஓடி வந்து உங்கள் சீட்டுக்கு அடியில் கேட்கும், பின் டிஃபில் கிளம்புவது சில வண்டிகளில் டாஷ்போர்டுக்குள் கேட்கும். காதை நம்பி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸை இறக்கி, ஆயிரக்கணக்கில் ரேண்டு செலவழித்து, மறுபடி பூட்டி ஓட்டினால் அதே சத்தம் அப்படியே இருக்கும். இப்படிப் பணத்தைத் தொலைத்து வருகிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் பாதிப்பேருக்கு அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க வைத்திருந்த பணம்.

சரி, முதலில் என்ஜினா, சக்கரமா என்று பிரித்துவிடுங்கள். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதியுங்கள். அப்போதே ஊளை வந்தால் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்பு, பெல்ட் இவற்றைப் பாருங்கள், ஃபோர்-வீல் அமைப்பை விட்டுவிடலாம். வரவில்லை என்றால், போக்குவரத்து இல்லாத சமமான ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போங்கள், அப்புறம் அதே 60-ல் நான்காவது கியருக்கு மாற்றுங்கள். என்ஜின் சுற்று குறையும், வண்டியின் வேகம் மாறாது. சத்தத்தின் சுருதி அப்படியே நின்றால் கோளாறு கியர்பாக்ஸுக்கு அந்தப்பக்கம், அதாவது டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், அதிலிருந்து டிஃபுக்குப் போகிற தண்டான பிராப்ஷாஃப்ட், டிஃப், வீல் பேரிங், டயர் இந்த ஐந்துக்குள் இருக்கிறது.

டயரும் வீல் பேரிங்கும் சீக்கிரம் முடிகிற விஷயம். தாரிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறும்போது சத்தம் மாறினால் அது டயர், சேற்று டயர் போட்ட வண்டிகளில் பாதிப்பேர் அதைத்தான் டிஃப் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஒடிக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். அவ்வளவுதான்.

இனிமேல்தான் ஃபோர்-வீல் பக்கம். நம்மிடம் ஓடுகிற பக்கிகளில் பெரும்பாலானவை பார்ட்-டைம் அமைப்பு, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும், இரண்டு அச்சுக்கும் நடுவில் டிஃப் கிடையாது, ஃபோர்-ஹையில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற நிலையில், போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்றில் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். மண்ணிலோ சேற்றிலோ சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாமல் இறுக்கம் முழுக்க கியரிலும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் செயினிலும் ஏறும். அதனால் தார் ரோட்டில் ஃபோர்-ஹை போட்டுப் பார்த்து “ஊளையிடுது” என்று வராதீர்கள், அது வண்டி படுகிற வேதனை. ஃபோர்-ஹை சோதனையைக் கரும்புத் தோட்டத்து மண் ரோட்டில் செய்யுங்கள்.

ஆனால் ஒரு சோதனையைத் தாரிலேயே செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. முன் சக்கரத்தை அச்சோடு கையால் பூட்டுகிற ஹப் உள்ள வண்டியாக இருந்தால், டூ-ஹையில், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற நிலையில், ஹப்பைத் திறந்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்போது முன் டிஃபும் முன் பிராப்ஷாஃப்டும் சும்மா இருக்கும். அடுத்து டூ-ஹையிலேயே இரண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு அதே ரோட்டில் ஓட்டுங்கள். இப்போது முன் சக்கரங்கள் முன் டிஃபையும் ஷாஃப்டையும் சுற்றிவிடும், ஆனால் என்ஜின் பாரம் அவற்றின்மேல் இருக்காது. பாரமே இல்லாமல் சுற்றும்போது புதிதாகச் சத்தம் வந்தால் அங்கே ஒரு பேரிங் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். இதிலும் சத்தமில்லை, மண் ரோட்டில் ஃபோர்-ஹை போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் வருகிறது என்றால், பாரம் ஏறும்போது கத்துகிற பல் அல்லது செயின், அதாவது முன் டிஃபுக்குள் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுகிற கிரவுன்-பினியன் பல்சக்கரங்களோ டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் செயினோ. ஹப்பைத் திறந்த முதல் சுற்றிலேயே டூ-ஹையில் ஊளை இருந்தால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம், பின் டிஃபையும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸையும் பாருங்கள்.

டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாராகிற ஹைலக்ஸ் போன்ற இப்போதைய பல பக்கிகளில் கையால் பூட்டுகிற ஹப் இருக்காது, முன் டிஃபில் ஒரு பக்கத்து ஆக்ஸிலை வண்டியே சேர்த்துப் பிரித்துக்கொள்ளும். அந்த வண்டிகளில் முன் பிராப்ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். கழற்றிய பிறகும் ஃபோர்-ஹையில் சத்தம் வந்தால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பக்கம் சந்தேகம் பலமாகிறது. சத்தம் நின்றால் முன் டிஃப் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், செயினுக்கும் அப்போது பாரம் இல்லையே, இரண்டின் எண்ணெயையும் இறக்கிப் பார்த்த பிறகு பேசுவோம். சில வண்டிகளில் ஷாஃப்டை உருவினால் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஃப் என்று தெரிந்துவிட்டால், கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மிதிக்கும்போது ஊளையா, க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்குகிற மாதிரி ஒரு நீண்ட சரிவில் கியரிலேயே வைத்துக் காலை எடுத்தபோது ஊளையா? பல்லுக்கு இரண்டு முகம், மிதிக்கும்போது ஒரு முகத்தில் பாரம், காலை எடுத்தால் மறுமுகத்தில். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக 75-க்கும் 90-க்கும் நடுவில் மட்டும், சுருதி சேர்த்துப் பாடினால் பல் சரியாகப் பொருந்தவில்லை. வேகம் ஏற ஏற உறுமல் கனத்துக்கொண்டே போனால் பேரிங்.

அப்புறம் எண்ணெய். நிரப்புகிற மூடியை முதலில் திறங்கள், அதற்குப் பிறகே இறக்குகிற மூடி. நிரப்புகிற மூடி துருவேறி அசையாமல் போய், எண்ணெயை மட்டும் இறக்கிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பல வண்டிகளில் இறக்குகிற மூடியின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும், இல்லாவிட்டால் இறக்கிய எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். காந்தத்தில் ஒட்டியதை விரலில் எடுத்துத் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி வழவழவென்று இருந்தால் கவலை இல்லை, பல்லோடு பல் உரசினால் அது வரத்தான் செய்யும். விரலில் நெருடினால், சிலாம்பு மாதிரி நீளமாகவோ செதிலாகவோ மின்னினால், இனி அந்த டிஃபைப் பிரிக்காமல் ஓட்டக்கூடாது. திரும்ப என்ன எண்ணெய் ஊற்றுவது என்பதை வண்டியின் கையேடு சொல்லட்டும், சில டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குக் கியர் எண்ணெய், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், மாற்றி ஊற்றினால் அதுவே ஒரு நோய்.

இன்னொன்று கேட்டுவிடுங்கள்: சத்தம் வருவதற்குமுன் வண்டிக்கு என்ன வேலை நடந்தது? காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் பக்கி கொண்டுவந்தார், நான்கு வருடம் வாயைத் திறக்காத டிஃப், வேறொரு இடத்தில், எண்ணெய் கசியாமல் தடுக்கிற பினியன் சீலை மாற்றிய வாரமே கத்த ஆரம்பித்துவிட்டது. காரணம் என்னவென்றால், பல டிஃப்களில் பினியன் நட்டுக்குப் பின்னால் நசுங்குகிற மாதிரி ஒரு மெல்லிய குழல் இருக்கிறது, நட்டை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு அது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும், ஒருதடவை நசுங்கினால் திரும்பாது. சீலை மாற்றிவிட்டு ஏர் கன்னால் நட்டை இறுக்கித் தள்ளினால் பேரிங் திணறும், சூடேறும், பாடும். பழைய நட்டின் நிலையைக் குறித்து வைத்து, சுற்றும் இறுக்கத்தை அளந்து பூட்டவேண்டிய வேலை அது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி பெரும்பாலும் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர்தான், அதைக் கண்ணால் பார்த்து யாரும் வைக்க முடியாது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தி வருபவை, ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்கிராப் யார்டில் டிஃப் வாங்குகிறவர்கள் பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. கிரவுனில் 43, பினியனில் 11 என்றால் 3.909. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் ஒன்றும் முன்னால் மற்றொன்றும் மாட்டிவிட்டால் டூ-ஹையில் ஒன்றும் தெரியாது, ஃபோர்-ஹை போட்ட நிமிடத்தில் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

வீட்டிலேயே தூக்கிப் பார்க்க ஆசைப்படுகிற தம்பிகளுக்கு ஒரு கண்டிப்பு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஒரு அச்சைத் தூக்கிவிட்டு மறு அச்சு தரையில் இருக்கும்போது ஃபோர்-ஹை போட்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்து ஓடும். நான்கு சக்கரமும் தூக்கி, நான்கு ஸ்டாண்டும் கெட்டியான தரையில் நிற்கவேண்டும், அப்போதும் சக்கரம் சுற்றும்போது அடியில் யாரும் இருக்கக்கூடாது. அந்த வசதி இல்லையா, ஓட்டிவிட்டு நிறுத்திய பிறகு இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரண்டு டிஃபையும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸையும் நான்கு ஹப்பையும் அளந்து எழுதுங்கள், இடது ஹப்பும் வலது ஹப்பும் பெரிதாக வித்தியாசப்பட்டால் சூடான பக்கத்தை முதலில் திறக்கலாம்.

கடைசியாகப் படகுக்காரர்களுக்கு. 2001 கடைசியில் வந்த விதிக்கு அப்புறம் கடற்கரையில் இஷ்டத்துக்கு வண்டி ஓட்ட முடியாது, ஆனாலும் அனுமதி உள்ள இடத்தில் படகை இறக்கும்போது பின் அச்சு நனையத்தான் செய்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த கடல் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது டிஃபுக்குக் காற்று போய்வருகிற பிரீதர் குழாய் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயைத் திறந்து பார்த்தால் பால் விட்ட டீ மாதிரி இருக்கும். உப்பு பேரிங்கைப் புள்ளி புள்ளியாக அரித்து, சத்தம் எழுந்து நீங்கள் கவனிக்கும்போது நாளாகியிருக்கும். படகை இறக்குவதற்குமுன் அரைமணி நேரம் டிஃபை ஆறவிடுங்கள், பிரீதர் குழாயை நீட்டி உயரத்தில் கட்டுங்கள், எண்ணெய் வெளுத்திருந்தால் அதே வாரத்தில் மாற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், அப்போதும் வெளுப்பு இருந்தால் தண்ணீர் எந்த சீல் வழியாக வருகிறது என்று தேடவேண்டும்.