காப்புக்கட்டு அன்னைக்குக் கிணத்திலே ஒரு அளவு

வணக்கமுங்க.

வருசக் கடைசியிலே கடைக்காரங்க இருப்பு எடுப்பாங்க. என்ன மிச்சம் நிக்குது, எது தீர்ந்துபோச்சுன்னு எழுதி முடிச்சுட்டுத்தான் புதுக் கணக்கு எழுதுவாங்க. தோட்டங்காட்டுக்காரங்களுக்கு அந்த இருப்பு கிணத்துக்குள்ளே இருக்குதுங்க. போன வருசத்தைத் திரும்பிப் பார்க்கறதும் வர்ற வருசத்துக்கு யோசனை பண்றதும் கிணத்து மேட்டிலே நின்னு செய்யவேண்டிய காரியம். மார்கழிக் கடைசி நாள், காப்புக்கட்டு அன்னைக்குக் கிணத்துத் தண்ணியை அளக்கறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கறேன்.

எதுக்கு இந்த மார்கழிக் கடைசியிலே? நம்ம கொங்குச் சமவெளி மேற்கு மலைக்கு மறைவிலே இருக்குது. ஆனி, ஆடியிலே வால்பாறையிலயும் சின்னக்கல்லாறுலயும் கொட்டித் தீர்க்கற மழை நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக் காத்தாவும் சாரலாவும்தான் வந்து சேருது. ஆனைமலைப் பக்கத்துக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூட. மத்தவங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழை மாசம். மார்கழி தாண்டினா, சித்திரையிலே கோடை மழை இறங்கற வரைக்கும் வானத்தை எதிர்பார்க்கறதுக்கு இல்லை. தை ஒண்ணாந்தேதி கிணத்திலே நிக்கற தண்ணிதான் நாலு மாசத்துக்கு நம்ம முதல்.

2016-லே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு பூராவும் 62 சதவீதம் குறைஞ்சுது. 2017 ஜனவரியிலே எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சுது. அந்த மாதிரி வருசத்திலே தை மாசமே கிணத்தை அளந்தவங்களுக்கு எந்தக் காட்டை விடலாம், எதைக் காப்பாத்தலாம்னு முடிவு பண்ண அவகாசம் இருக்கும். பங்குனியிலே மோட்டார் காத்து வாங்கும்போது பார்த்தா, முடிவு பண்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

சரி, எப்படி அளக்கறதுங்க? நூறு அடி டேப்பு ஒண்ணு போதும். நூல் கயிறு வேண்டாமுங்க, நனைஞ்சா சுருங்கிக்கும். டேப்பு நுனியிலே அரையடி நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டைக் கட்டுங்க. அடி வாய் திறந்தே இருக்கோணும். அது தண்ணியிலே மோதினதும் 'டபக்'குன்னு சத்தம் கேட்கும். இருட்டுக் கிணத்திலே கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்க. கிணத்துக் கட்டிலே ஒரு இடத்திலே பெயிண்டாலே கோடு போட்டு, எப்பவும் அந்தக் கோட்டிலிருந்தே அளங்க. இன்னைக்கு ஒரு மூலையிலயும் அடுத்த மாசம் இன்னொரு மூலையிலயும் அளந்தா ஒரு அடி, ரெண்டு அடி பொய் வந்துரும்.

முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு மோட்டாரை நிறுத்தி ஒரு அளவு, மறுநாள் காலைலே 6 மணிக்கு ஒரு அளவு. முதல் அளவுக்கும் ரெண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் 12 மணி நேர ஊத்து. இதிலே பெரும்பாலும் நடக்கற தப்பு ஒண்ணு இருக்குதுங்க. ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ண மறந்துருவாங்க. நடுராத்திரி மும்முனைக் கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும், காலைலே அளந்துட்டு "ஊத்தே இல்லை"ன்னு மனசொடிஞ்சு போவாங்க. ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க. பக்கத்துத் தோட்டத்து போர்வெல் ஓடுச்சான்னும் கேட்டு எழுதி வையுங்க. அதுவும் நம்ம ஊத்தை இழுக்கும்.

இன்னொண்ணு. கிணறு அடிமட்டத்திலே இருக்கும்போது ஊத்து வேகமா வரும், ஏற ஏற மெதுவாகும். தையிலே 30 அடியிலே நிறுத்தி அளந்ததையும் மாசியிலே 60 அடியிலே நிறுத்தி அளந்ததையும் ஒப்பிட்டு ஊத்து கூடிப்போச்சுன்னு நினைச்சுக்காதீங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே மட்டத்திலே நிறுத்திப் பாருங்க.

இப்ப அடியை லிட்டராக்கலாம். 40 அடிக்கு 40 அடி சதுரக் கிணறுன்னா, ஒரு அடி ஆழம் சுமார் 45,000 லிட்டர். வட்டக் கிணறுன்னா விட்டத்தை விட்டத்தாலே பெருக்கி, அதை 22-ஆலே பெருக்குங்க. 30 அடி விட்டத்துக்கு ஒரு அடி தண்ணி 19,800 லிட்டர். மேலே மண்ணுக்குக் கட்டின கட்டு அகலமா இருக்கும், கீழே பாறை வெட்டு குறுகியிருக்கும். தண்ணி நிக்கற இடத்து அகலத்தைத்தான் எடுக்கோணும். மேல் அகலத்தை எடுத்தா இல்லாத தண்ணி கணக்கிலே ஏறிக்கும்.

அதே 40-க்கு 40 சதுரக் கிணறு 80 அடி ஆழம், தையிலே மேலிருந்து 30 அடியிலே தண்ணின்னு வெச்சுக்குவோம். அடியிலே 5 அடி சேறும் குழாய் நுனியிலே இருக்கற ஃபுட்வால்வும் போக 45 அடி நம்ம கைக்கு வரும். அது 20 லட்சம் லிட்டர். பெரிசாத் தெரியுதில்லைங்களா? ஒரு ஏக்கராவிலே ரெண்டு அங்குலத்துக்குத் தண்ணி கட்டினா 2 லட்சம் லிட்டர் போயிரும். அஞ்சு ஏக்கராத் தென்னந்தோப்பு பூராவும் ஒரு தடவை பாயவிட்டா 10 லட்சம். கிணத்திலே 22 அடி இறங்கிரும். ரெண்டு தடவை பாயவிட்டா இருப்பு முடிஞ்சுது, அப்புறம் அன்னன்னைக்கு ஊறறதுதான். அதே அஞ்சு ஏக்கராவுக்குச் சொட்டு நீர்ன்னா, ஏக்கராவுக்கு 70 மரம், மொத்தம் 350 மரம், மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர். ஒரு நாளைக்கு 22,750 லிட்டர். கிணத்திலே அரையடி. ஊத்து நல்லா இருந்தா ராத்திரி ஊறறதே அதுக்குப் போதும், இருப்பிலே கை வைக்கவேண்டியதில்லை. ஒரு பக்கம் அரையடி, ஒரு பக்கம் 22 அடி. இதை ரெண்டு தடவை சொல்றதுக்குக் காரணம் இருக்குதுங்க. டேப்பு போட்டுப் பார்க்காத வரைக்கும் இந்த வித்தியாசம் யாருக்கும் மனசிலே பதியறதில்லை.

சொட்டு நீர் போட்டவங்களும் ஒரு சோதனை பண்ணுங்க. நம்ம பக்கத்துத் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, சொட்டுவாய் அடைச்சுக்கும். மணிக்கு 8 லிட்டர் விடற சொட்டுவாய்க்கு அடியிலே ஒரு பாத்திரத்தை வெச்சு 15 நிமிசம் பார்த்தா 2 லிட்டர் இருக்கோணும். ஒண்ணரைக்குக் கீழே வந்தா அடைப்பு. முதல் மரத்திலே பார்க்கறதோட நிறுத்தாதீங்க. கடைசி வரிசைக் கடைசி மரத்திலே பாருங்க. அங்கேதான் மொதல்லே காயும். சொட்டுவாய் மாட்டியிருக்கற பக்கக் குழாயோட நுனி மூடியைக் கழட்டி, கலங்கல் போய்த் தெளிவாகற வரைக்கும் தண்ணியை ஓடவிடுங்க.

மரத்தடிக்கு மூடாக்கும் இப்பவே போட்டுருங்க. தேங்காய் மட்டையை முதுகுப்பக்கம் மேலே பார்க்கற மாதிரிக் கவுத்து, மரத்துக்கு நூறு, மரத்தைச் சுத்தி ஆறடி தூரத்துக்கு. சித்திரையிலே போட்டா காஞ்ச மண்ணைத்தான் மூடுவோம். ஈரம் இருக்கும்போது மூடினாத்தான் ஈரம் நிக்கும்.

தென்னையிலே போன வருசத்துக் கணக்குப் பார்க்கறது கொஞ்சம் வேற மாதிரிங்க. பாளை வெடிச்சுக் காய் முத்தறதுக்கு 12 மாசம். அந்தப் பாளை மரத்துக்குள்ளே உருப்பிடிச்சது அதுக்கும் ரெண்டு வருசத்துக்கு மேலே முன்னாடி. போன வருசம் காய் குறைஞ்சிருந்தா, போன வருசத்து உரத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. மூணு வருசத்துக்கு முந்தின கோடையிலே தண்ணி எப்படி இருந்துதுன்னு நோட்டைப் பாருங்க. நோட்டு இல்லைன்னா இந்தத் தையிலே ஆரம்பிங்க.

போர் வெச்சிருக்கறவங்களுக்கு டேப்பு போடறது சிரமம், கேபிளிலே சிக்கிக்கும். அடுத்த தடவை மோட்டார் தூக்கும்போது, அளக்கறதுக்குன்னே அரை இஞ்சு பிளாஸ்டிக் குழாய் ஒண்ணைக் கூடவே இறக்கிருங்க. அது வரைக்கும் 200 லிட்டர் டிரம் எத்தனை வினாடியிலே நிறையுதுன்னு மாசம் ஒரு தடவை எழுதுங்க. தையிலே 40 வினாடி, மாசியிலே 60 வினாடின்னா சேதி வந்துருச்சுன்னு அர்த்தம். ஆயிரம் அடிக்குக் கீழே இன்னொரு போர் போடறதுக்கு முன்னாடி இந்தச் சேதியைக் கேளுங்க. நம்மது கடும்பாறை. தண்ணி நிக்கறது வெடிப்பிலேதான், ஆழம் போகப்போக வெடிப்பு குறையும்.

வர்ற வருசத்துக்கு நம்பிக்கை தர்ற ஒண்ணும் இருக்குதுங்க. அறுபது வருசத்துக்கு மேலே கேட்டுக்கிட்டிருந்த அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டிலே நடைமுறைக்கு வந்துது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆத்து உபரித் தண்ணி ஒண்ணரை டிஎம்சி, 1,045 குளம் குட்டைக்கு. உங்க ஊர்க் குளம் அதிலே இருந்தா, குளத்துக்குத் தண்ணி வந்த தேதியை எழுதுங்க. அதுக்கப்புறம் வாரம் ஒரு தடவை கிணத்தை அளங்க. எத்தனை நாள் கழிச்சு ஏறுது, குளத்திலிருந்து எவ்வளவு தூரத்துக் கிணறு வரைக்கும் ஏறுதுன்னு ஊருக்கு நாலு பேர் எழுதினாலே, எந்தக் குளத்தை மொதல்லே தூர்வாரச் சொல்லிக் கேட்கறதுன்னு கிராம சபையிலே கையிலே கணக்கோட பேசலாம். எனக்கு வர்ற வருசத்து ஆசைன்னு கேட்டா இதுதானுங்க.

மழைமானி பத்தியும் மாட்டுத் தீவனம் பத்தியும் சொல்ல நினைச்சிருந்தேன், ரெண்டு நிமிசந்தான் இருக்குது. மழைக்கு, வாயும் அடியும் ஒரே அகலமான டப்பா வேணும். வாய் அகலமான பக்கெட் ஆகாது. மரத்தடியை விட்டுத் தள்ளி வெச்சு, காலைலே எட்டரைக்குப் பார்த்து எழுதுங்க. ஒரு மில்லிமீட்டர்ன்னா ஏக்கராவுக்கு 4,000 லிட்டர். தீவனத்துக்கு, மாடு ஒண்ணுக்கு நாளைக்கு 6 கிலோ சோளத்தட்டுன்னு வெச்சா 120 நாளைக்கு 720 கிலோ. குவிச்சு வெச்சிருக்கற தட்டு அத்தனை வருமான்னு மாட்டுப் பொங்கலுக்குள்ளே பார்த்துருங்க.

காப்புக்கட்டு அன்னைக்கு வேப்பந்தழையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கிணத்து மேட்டிலயும் செருகுவோமில்லைங்களா, அப்பக் கையிலே டேப்பையும் எடுத்துட்டுப் போங்க. முந்தின நாள் ராத்திரி ஆட்டோவை ஆஃப் பண்ணிருங்க. அளவைத் தேதியோட மோட்டார் ரூம் சுவத்திலே கரியாலே எழுதுங்க.

வணக்கமுங்க.