பின்னால் நிற்பவர்களும் தெரியட்டும்

(புகைப்படக் கழகக் கூட்டம் ஒன்றில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, என்னை மேடைக்கு அழைத்த செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு நிலக்காட்சிப் படங்களைப் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த கலைஞர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அவர்களே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. படச்சுருளைக் கழுவிப் படம் போடும் இருட்டறைக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வந்ததை அன்று பார்த்தேன். "முகத்தைப் பார்த்தது போதும், மூலைகளைப் பார்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கைபேசிப் படங்களில் பின்னணி மங்கல். பிள்ளைகள் பாஷையில் பிளர். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அது எப்படி உண்டாகிறது. இரண்டு, அதை நன்றாகச் செய்வது எப்படி. மூன்று, வீடியோவில் அது என்ன செய்கிறது. மூன்றுக்கும் அடியில் எனக்குப் பிடித்த பழமொழி இருக்கிறது: சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். உடம்பைப் பேணச் சொல்வதற்கு இதை எடுப்பார்கள். நான் படத்துக்கு எடுக்கிறேன். முகம் சித்திரம் என்றால் பின்னணிதான் சுவர்.

பெரிய கேமராவில் மங்கல் லென்ஸே தருவது. லென்ஸின் குவியத் தூரத்தை ஒளி வாசலின் அளவால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் உள்ள லென்ஸை எஃப் 1.8இல் திறந்தால், ஒளி நுழையும் வாசலின் குறுக்களவு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். கைபேசியிலும் எஃப் 1.8 என்று போட்டிருப்பார்கள். ஆனால் அதன் முதன்மைக் கேமராவின் குவியத் தூரமே பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீட்டர்தான். வாசல் 3, 4 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வாசல் சிறுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே தெளிவில் விழும். அதனால் கைபேசி தூரத்தைக் கணக்குப் போட்டு, பின்னால் இருப்பதைத் தானே மங்கலாக்குகிறது.

2014இல் எச்டிசி ஒன் எம்8 கைபேசியில் தூரம் அறிவதற்கென்றே இரண்டாவது கேமரா ஒன்று வந்தது. அதே ஆண்டு கூகுளின் கேமரா செயலி, கைபேசியை மெல்ல மேலே தூக்கச் சொல்லி, அந்த நகர்விலிருந்து தூரத்தைக் கண்டுபிடித்தது. 2016இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களின் பார்வையையும் ஒப்பிட்டு, ஆளைத் தெளிவாக விட்டுப் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2017இல் வந்த கூகுளின் பிக்சல் 2 கைபேசியில் பின்பக்கம் ஒரே கேமராதான். ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பாதியாக்கி, லென்ஸின் இடப்பக்கம் காண்பதையும் வலப்பக்கம் காண்பதையும் ஒப்பிட்டார்கள். நம் கண்களுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! அதை வைத்துத் தூரம் கண்டுபிடித்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

பொக்கே என்கிறோமே, அது ஜப்பானியச் சொல். மங்கல் என்றே பொருள். ஆங்கில வாசகர்கள் சரியாக உச்சரிக்கட்டும் என்று 1997இல் மைக் ஜான்ஸ்டன் என்ற இதழாசிரியர் அதன் கடைசியில் ஓர் எச் எழுத்தைச் சேர்த்தார்.

சரி, நன்றாகச் செய்வது எப்படி? ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள், நாலைந்து அடி முன்னால் வரச் சொல்லுங்கள். வெளிச்சம் வேண்டும், இருட்டில் தூரக் கணக்கு தடுமாறும். பறக்கும் முடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கை வைத்தால் உண்டாகும் இடைவெளி, இந்த மூன்று இடங்களிலும் தவறு வரும்; எடுத்த உடனே பெரிதாக்கிப் பாருங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, அப்புறம் வருகிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பாவுக்குக் கேமராவைக் கண்டால் எங்கிருந்தோ ஒரு வேலை வந்துவிடும். எழுந்து போய்விடுவார். அம்மாவின் எண்பதாவது பிறந்த நாளன்று என் மகள் புதுக் கைபேசியோடு வந்தாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்து, "பாட்டி, இங்க பாருங்க" என்று 14 படம் எடுத்தாள். பின்னணி பால் போலக் கரைந்திருந்தது. எல்லோரும் பாராட்டினோம். நான்தான் அதிகமாகப் பாராட்டினேன்.

இரண்டு ஆண்டு கழித்து அப்பா போய்விட்டார். மாட்டி வைக்க ஒரு படம் தேடினோம். ஒன்றில் பாதி முதுகு, இன்னொன்றில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நெற்றி மட்டும். அப்போது மகள் சொன்னாள்: "அப்பா, பாட்டி படத்துல தாத்தா பின்னாடி நின்னுட்டு இருந்தாரே!" உண்மைதான். பாட்டியை மட்டும்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, அன்றைக்கு அவர் ஓடவில்லை. 14 படத்திலும் இருக்கிறார். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

மங்கலைக் குறைக்கலாம் என்றாள் மகள். கைபேசியைத் தேடினால், அதை மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தவை செய்திச் செயலியில் வந்த பிரதிகள். அனுப்பும்போதே தூரக் கணக்கெல்லாம் உதிர்ந்து, படம் தட்டையாகிவிட்டது. அக்கா, தம்பி, எல்லோரிடமும் கேட்டோம். எல்லோரிடமும் அதே பிரதி. உறவுக்காரப் பையன் ஒருவன் ஏதோ செயலியில் போட்டுத் தெளிவாக்கிப் பார்த்தான். ஒரு முகம் வந்தது. நல்ல முகம்தான். அது அப்பா இல்லை.

ஒன்பதாவது படத்தில் மட்டும், அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு கை. அம்மா இருந்த தூரத்திலேயே இருந்ததால் கைபேசி அதை விட்டுவைத்திருக்கிறது. விரலில் இருந்த பழைய தழும்புகூடத் தெரிகிறது. மணிக்கட்டுக்கு மேலே அப்பா கரைந்துவிட்டார். அம்மா அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கித் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் பாரிசில் ஒரு தெருவைப் படம் எடுத்தார். ஒளி பதிய நிமிடக் கணக்கில் ஆன காலம். நடந்தவர்களும் வண்டிகளும் பதியாமல் போக, காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரின் உருவம் மிஞ்சியது. அன்று கருவிக்கு முடியாததால் மனிதர்கள் மறைந்தார்கள். இன்று எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டக்கூடிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாமே மறைக்கிறோம். சுவரை அழித்துவிட்டுச் சித்திரம் எழுதுகிறோம்.

மங்கலே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒரு மங்கல் படம் எடுத்தால் கூடவே ஒரு சாதாப் படம். இதைத்தான் மேடைக்கு மேடை கேட்டு வருகிறேன். மூலப் படத்தையும் சேர்த்துச் சேமிக்கும் வசதியோ, மங்கலைப் பிறகு மாற்றும் வசதியோ பல கைபேசிகளில் இருக்கிறது. இன்று இரவே அமைப்புகளில் தேடிப் பாருங்கள். கைபேசியை மாற்றும் முன் மூலக் கோப்புகளை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். செய்தியில் போன பிரதியை நம்பாதீர்கள். கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த போட்டியில் உருவப்படம் அனுப்புகிறவர்கள் அதே இடத்தில் எடுத்த மங்கலில்லாத படத்தையும் இணைக்க வேண்டும் என்று விதி சேருங்கள். செயலாளர் அவர்கள் தலையசைக்கிறார். நன்றி ஐயா, மிக்க நன்றி.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீடியோ பற்றிய மூன்றாவது செய்தியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இப்போது குழுப் படம் எடுக்கப்போகிறார்கள். எடுக்கப்போகிற தம்பிகளே, போர்ட்ரெய்ட் மோடில் ஒன்று எடுங்கள், அழகாக இருக்கும். அப்புறம் அதை அணைத்துவிட்டு இன்னொன்று. நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பேரும், ஒலிபெருக்கித் தம்பியும் அதில் தெரியட்டும். வணக்கம்.