வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால்: இங்கிலாந்தின் கவுன்சில்களும் பிள்ளைகளின் கல்வியும்

[காட்சி: காலை நேர வகுப்பறை. ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். ஓர் இருக்கையில் யாரும் இல்லை.]

இங்கிலாந்தின் பள்ளிகளில் நாளுக்கு இரண்டு முறை, காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும், வருகைப் பதிவேடு எடுக்கப்படுகிறது. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே காரணத்தைக் காட்டும் ஒரு குறியீட்டை ஆசிரியர் இடுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம்; குடும்பம் ஊருக்குப் போயிருக்கலாம்; பள்ளியே பிள்ளையைச் சில நாட்களுக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம்; அல்லது வகுப்பறையின் இரைச்சலைத் தாங்க இயலாத பிள்ளை வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வெற்றிருக்கையைப் பற்றிக் கேட்க வேண்டிய பொறுப்பு, கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தில் ஏதோ ஒரு பிரிவுக்குச் சட்டப்படி இருக்கிறது. எந்தப் பிரிவுக்கு எந்தக் கடமை, அதை எத்தனை நாளுக்குள் அது நிறைவேற்ற வேண்டும் என்பதை இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், குரொய்டன் போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, கவுன்சில் என்றால் குப்பை எடுப்பதும் கவுன்சில் டாக்ஸ் வாங்குவதும்தான் என்று எண்ணியிருக்கின்றன. பள்ளியில் ஏதேனும் சிக்கல் வரும்போது தலைமையாசிரியர் சொல்வதே இறுதி வார்த்தை என்று எடுத்துக்கொண்டு பெற்றோர் வீடு திரும்பிவிடுகிறார்கள். உண்மையில், பள்ளிக்கு மேலும் பள்ளிக்கு வெளியிலும் உள்ள கடமைகள் பல கவுன்சிலையே சேர்ந்தவை. லண்டனில் அந்தக் கடமை அந்தந்த பரோவின், அதாவது நகரப் பகுதியின், கவுன்சிலுக்கு உரியது; கென்ட், சரே, எசெக்ஸ் போன்ற கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பெரிய பகுதிகளில்) அது கவுண்டி கவுன்சிலிடம் இருக்கிறது. கடிதத்தைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் இருக்க, இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

[காட்சி: பழைய லண்டன் தெரு. கையில் குறிப்பேட்டுடன் ஓர் அலுவலர் கதவைத் தட்டுகிறார்.]

கதவைத் தட்டும் அலுவலரின் வரலாறு பழையது. 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களை உருவாக்கியது; 1880-ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கியது. வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைத் தேடி வாரியத்தின் ஆட்கள் வீடு வீடாகச் சென்றார்கள், மக்கள் அவர்களைக் கண்டு அஞ்சினார்கள். இன்று அதே வேலையைச் செய்பவர்கள் கல்வி நல அலுவலர்கள் என்றோ வருகை ஆதரவுக் குழுவினர் என்றோ அழைக்கப்படுகிறார்கள். பெயர் மாறியதுபோல அவர்களின் முதல் கேள்வியும் மாறியிருக்கிறது: ‘ஏன் அனுப்பவில்லை?’ என்பதற்கு முன், ‘பிள்ளை வருவதற்குத் தடையாக இருப்பது எது?’ என்று அவர்கள் கேட்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 19 முதல் சட்ட வலுப்பெற்ற அரசின் வருகை வழிகாட்டுதலும் ஆதரவை முன்னாலும் தண்டனையைப் பின்னாலும் வைக்கிறது.

ஒரு பிள்ளை வர வேண்டிய வகுப்பு வேளைகளில் (ஒரு நாளுக்குக் காலை, பிற்பகல் என இரண்டு) 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறவிட்டால், அது தொடர்ச்சியான வராமை என்று கணக்கிடப்படுகிறது. 50 சதவீதத்தைத் தொட்டால் அது கடுமையான வராமை. இந்த நிலைகளில் உள்ள பிள்ளைகளைப் பற்றி கவுன்சிலின் வருகைக் குழு ஒவ்வொரு பருவத்திலும் பள்ளியுடன் உட்கார்ந்து பேச வேண்டும். கேலிக்கு ஆளான பிள்ளை, நோயாளியான தாயைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, தற்காலிக விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளை என ஒவ்வொருவருக்கும் வேண்டிய உதவி வேறு. அது தெரிய வேண்டுமானால் பெற்றோர் மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ‘குடும்ப விஷயத்தை வெளியில் சொல்லலாமா’ என்ற தயக்கம் வலுவானது. ஆனால் காரணம் சொல்லப்படாத வராமை, பதிவேட்டில் அனுமதியில்லாத வராமையாகவே நிற்கும்.

பருவத்தின் நடுவில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ திருமணத்துக்கென்று பிள்ளைகளை அழைத்துச் செல்வது தனியே சொல்ல வேண்டிய ஒன்று. விதிவிலக்கான காரணம் இருக்கிறது என்று தலைமையாசிரியர் ஏற்றால் மட்டுமே அந்த விடுப்புக்கு அனுமதி உண்டு. அனுமதியில்லாத வராமை, 10 பள்ளி வாரங்களுக்குள் 10 வேளைகளை, அதாவது ஐந்து நாட்களை எட்டினால் அபராத அறிவிப்பு வழங்குவது பற்றிப் பள்ளி ஆராய வேண்டும். 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, 28 நாட்களுக்குள் கட்டினால் 160 பவுண்டு. இது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. ஆகவே இரு பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு, விரைவாகக் கட்டினாலும் 320 பவுண்டு ஆகலாம். அதே பிள்ளைக்காக மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறை வந்தால் குறைந்த தொகை என்பதே இல்லை, நேரே 160 பவுண்டுதான். மூன்றாம் முறை அபராத அறிவிப்புக்கு வழியில்லை, நீதிமன்றம் வரை போகலாம்.

நோயால் வர முடியாத பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு. உடல்நோயாக இருந்தாலும் மனநோயாக இருந்தாலும், 15 பள்ளி நாட்களோ அதற்கு மேலோ பிள்ளையால் வர இயலாது என்று தெரிந்து, தகுந்த கல்விக்கு வேறு ஏற்பாடும் இல்லையென்றால், அந்தக் கல்வியை ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை. இந்தக் கடமையை 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிரிவு 19, சொல்கிறது; 15 நாள் என்ற அளவு அரசின் வழிகாட்டுதலில் உள்ளது. இந்தப் பிரிவின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இந்த எண் இருந்தால், நீங்கள் சலுகை கேட்கவில்லை, சட்டக் கடமையை நினைவூட்டுகிறீர்கள் என்பது படிப்பவருக்குப் புரியும்.

[காட்சி: மேசையில் திறந்திருக்கும் ஒரு கோப்பு. அதில் எழுத்துகளால் பிரிக்கப்பட்ட பகுதிகள்.]

இனி, பெற்றோர் அதிகம் கலங்கும் இடத்துக்கு வருகிறோம். சில பிள்ளைகள் வகுப்பில் இருந்தும் அவர்களுடைய இருக்கை வெறுமையாகவே இருக்கிறது. பாடம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

1971 ஏப்ரல் வரை, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் ‘பள்ளிக் கல்விக்குத் தகுதியற்றவர்கள்’ என்று இங்கிலாந்தின் சட்டமே ஒதுக்கி வைத்திருந்தது. 1970-இல் நிறைவேறிய சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1978-இல் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழுவின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைபாட்டின் பெயரை விட்டுவிட்டுப் பிள்ளையின் கல்வித் தேவை என்ன என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தன. இப்போது நடைமுறையில் உள்ளது 2014-ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம்.

ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் சென்கோ எனப்படும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். முதலில் உதவுவது பள்ளியின் பொறுப்பு. பள்ளியால் தரக்கூடியது போதாது என்றால், கவுன்சிலின் சிறப்புக் கல்விப் பிரிவிடம் மதிப்பீட்டைக் கேட்கலாம். அதன் முடிவில் கிடைக்கக்கூடியதுதான் இ.எச்.சி. பிளான் எனப்படும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம். அது தேவைப்பட்டால் 25 வயது வரை நீடிக்கும். 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் 6 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் இந்தத் திட்டம் இருந்தது.

மதிப்பீட்டைப் பள்ளிதான் கேட்க வேண்டும் என்பது நம்மிடையே பரவியுள்ள தவறான எண்ணம். பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதலாம். மருத்துவர் ஆட்டிசம் என்றோ டிஸ்லெக்சியா என்றோ எழுதித் தரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் தவறு. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா அல்லது இருக்கக்கூடுமா, அதற்கு இத்தகைய திட்டம் தேவைப்படக்கூடுமா என்பதையே சட்டம் கேட்கிறது. பள்ளி முதலில் 6,000 பவுண்டு செலவழித்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது நிதிப் பங்கீட்டுக் கணக்கு, சட்டத்தின் தகுதி அளவுகோல் அல்ல என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

உங்கள் கோரிக்கை கவுன்சிலுக்குக் கிடைத்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. 6 வாரங்களுக்குள் மதிப்பிடுவதா இல்லையா என்று பதில் வர வேண்டும். மதிப்பீட்டில் கவுன்சிலின் கல்வி உளவியலாளர் பிள்ளையைப் பற்றித் தம் கருத்தைத் தருவார். திட்டம் தருவதானால், தொடக்கத்திலிருந்து 20 வாரங்களுக்குள் இறுதி வடிவம் கைக்கு வர வேண்டும். வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாட்கள் உங்களுக்கு உண்டு. நடைமுறையில் இந்தக் கெடு அடிக்கடி மீறப்படுகிறது. 2024-இல் வழங்கப்பட்ட புதிய திட்டங்களில் பாதிக்கும் குறைவானவையே 20 வாரங்களுக்குள் வந்தன. உளவியலாளர் பற்றாக்குறையும் பெருகிவரும் கோரிக்கைகளும் அதற்குக் காரணங்கள் என்றாலும், ஐந்து வயதுப் பிள்ளையின் வாழ்வில் அரை ஆண்டு என்பது மிக நீண்ட காலம் என்பதை மறுக்க முடியாது.

வரைவு வந்ததும் எஃப் என்ற பகுதியைத் திறந்து வையுங்கள். அங்கே எழுதப்பட்டிருக்கும் சிறப்புக் கல்வி ஏற்பாட்டைச் செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 42 கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ‘தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சிக்கு வாய்ப்பு’ என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டு எதையும் நிலைநாட்ட இயலாது. ‘வாரத்துக்கு ஒரு முறை, 45 நிமிடம், பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சையாளரால் தனியாக’ என்பதுபோல யார், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கவுன்சில் மதிப்பீட்டை மறுத்தாலோ, திட்டத்தின் உள்ளடக்கம் போதாதென்றாலோ, சிறப்புக் கல்வி வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் அல்லது கவுன்சிலுடனான சமரசப் பேச்சு தொடர்பான சான்றிதழைப் பெற்ற ஒரு மாதத்துக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள், விண்ணப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் வழிகாட்ட ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இலவசமான, பக்கச்சார்பற்ற, இரகசியம் காக்கும் தகவல் ஆலோசனைச் சேவை ஒன்று இருந்தாக வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது.

வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குடும்பங்களுக்கு இதே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20 முக்கியமானது. வீட்டு மொழி பள்ளி மொழியிலிருந்து வேறுபட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் உண்டு என்று கொள்ளக் கூடாது என்கிறது அது. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்த விதி இது. 1960-களிலும் 1970-களிலும் லண்டனில் கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் ‘கல்வியில் பின்தங்கியோர்’ பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்பட்ட வேதனையான வரலாற்றை அறிந்தவர்களுக்கு, இத்தகைய காப்பு ஏன் தேவை என்பது விளங்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: ‘ஆங்கிலம் பழகினால் சரியாகிவிடும்’ என்று சொல்லி, தமிழிலும் பேச்சு வராத பிள்ளைக்கு வேண்டிய உதவியைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு தீங்கானது. பிள்ளை தமிழில் எப்படிப் பேசுகிறது என்பதைப் பள்ளிக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

[காட்சி: பள்ளி வாசலில் தோள்பையுடன் நிற்கும் சிறுவன்.]

பள்ளியே பிள்ளையை வெளியேற்றும்போது எழும் கடமைகள் தெளிவானவை. தற்காலிக நீக்கம் ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களைத் தாண்டக் கூடாது. ஐந்து நாட்களுக்கு மேற்பட்ட நீக்கம் என்றால் ஆறாம் நாளிலிருந்து கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது பள்ளி. நிரந்தர நீக்கம் என்றால் ஆறாம் நாளிலிருந்து முழுநேரக் கல்வியைத் தர வேண்டியது கவுன்சில். ‘இன்று கொஞ்சம் கோபமாக இருக்கிறான், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று பதிவு ஏதும் இல்லாமல் அனுப்பும் வழக்கம் சட்டத்துக்கு மாறானது. அப்படிச் சொன்னால், எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

பெற்றோரிடமிருந்து பிரிந்து கவுன்சிலின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு ‘மெய்நிகர் பள்ளி’ என்ற அமைப்பு உண்டு. அது கட்டடம் அல்ல. அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும், அனைவரும் ஒரே பள்ளியில் இருப்பதுபோல் அவர்களின் முன்னேற்றத்தைக் கவனிக்கும் ஒரு தலைமையாசிரியரும் அவருடைய குழுவும்தான் அது.

எந்தப் பதிவேட்டிலும் பெயரே இல்லாத பிள்ளைகளும் உண்டு. எட்டு வயதான விக்டோரியா கிளிம்பியே, 2000 பிப்ரவரியில் லண்டனில் தம்மைப் பொறுப்பேற்றவர்களின் கொடுமையால் இறந்தார். இங்கிலாந்தில் வாழ்ந்த மாதங்களில் அந்தச் சிறுமி ஒரு நாள்கூடப் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. சமூக சேவைத் துறையினரும் மருத்துவமனைகளும் போலீசாரும் தனித்தனியே பார்த்தும் காக்கத் தவறிய அந்தச் சாவைத் தொடர்ந்த விசாரணை, 2004-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்துக்கு இட்டுச் சென்றது. கல்வி கிடைக்காமல் இருக்கும் பிள்ளைகளைத் தேடிக் கண்டறிவதும் இன்று கவுன்சிலின் கடமை. ஆகவே இடம் மாறியவுடன் புதிய முகவரியையும் புதிய பள்ளியின் பெயரையும் கேட்டு அலுவலர் அழைத்தால் அதைச் சந்தேகமாக எண்ண வேண்டாம். பக்கத்து வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பதைக் கண்டால் நீங்களும் கவுன்சிலுக்குத் தெரிவிக்கலாம்.

[காட்சி: சமையலறை மேசையில் ஒரு தாய் கடிதம் எழுதுகிறார்.]

எந்தப் பிரிவாக இருந்தாலும் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியிருந்தால், பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, நீங்கள் கேட்பது என்ன, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். கூட்டத்துக்கு அழைக்கப்பட்டால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னால் எதெல்லாம் முடியவில்லை என்று மற்றவர்கள் சொல்வதைத் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.