மடத்து நிலம் கைமாறிய கதை

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் சமயம் மாறியதைப் பற்றிப் பேச்செடுத்தால், எட்டாம் ஹென்றியின் கல்யாண விவகாரத்தில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். கேத்தரினோடு செய்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கப் போப் இணங்கவில்லை. 1534-ல் மன்னரே திருச்சபைக்குத் தலைவரானார். அது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் எதனால் நிலைத்தது என்று கேட்டால், நான் நிலத்தைத்தான் காட்டுவேன்.

1535-ல் திருச்சபைச் சொத்து முழுவதற்கும் கணக்கெடுத்தார்கள். அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஏற்பாடு அது. மறு வருடமே, ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடச் சட்டம் வந்தது. 1540-க்குள் பெரிய மடங்களும் போயின. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 800.

யார்க்‌ஷயரில் உள்ள ரீவோ மடம் 1538-ல் மூடப்பட்டது. கூரையில் வேய்ந்திருந்த காரீயத்தை உரித்து உருக்கி, கட்டிகளாக வார்த்து, அரச முத்திரை குத்தினார்கள். அவற்றில் சில, இடிந்த கற்களுக்கு அடியில் சிக்கிக் கிடந்து 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தன. கூரை போன கட்டடம் எத்தனை நாள் நிற்கும்?

வடக்கே ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1536 அக்டோபரில், இயேசுவின் ஐந்து திருக்காயங்கள் தீட்டிய கொடியோடு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். முன்னே நின்றவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர். பிடிபட்டு விசாரணையில் நின்றபோதும், வடநாட்டு ஏழைகளுக்குப் படியளந்தவை இந்த மடங்கள்தான் என்று வாதாடினார். வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புள்ள மனிதர்களில் அவர் ஒருவர். 1537-ல் யார்க் நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நிலத்தை மன்னர் வைத்துக்கொண்டாரா? இல்லை. 1540-களில் பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் போர்; பணம் வேண்டும். பெரும்பகுதியை விற்றார். ஃபவுன்டன்ஸ் மடத்தை வாங்கியவர் ரிச்சர்ட் கிரெஷம் என்ற லண்டன் வணிகர். வாங்கியவர்களில் பழைய சமயத்தை விடாத கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு.

இதன் பலத்தை 1553-ல் பட்டத்துக்கு வந்த ஹென்றியின் மகள் மேரி உணர்ந்தார். நாட்டை மறுபடி ரோமோடு சேர்ப்பதே அவர் வாழ்நாள் ஆசை. பாராளுமன்றம் சம்மதித்தது, ஆனால் வாங்கிய மடத்து நிலத்தில் கைவைக்கக் கூடாது என்ற உறுதியோடு. போப்பின் தரப்பும் அதற்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. தன் கைவசம் இருந்ததைக் கொண்டு சில மடங்களையே மேரியால் மீண்டும் திறக்க முடிந்தது. 1556-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்குத் துறவிகள் திரும்பினார்கள். 1559-ல், மேரிக்குப் பின் பட்டத்துக்கு வந்த எலிசபெத்தின் அரசு அவர்களையும் வெளியேற்றியது.