டவரின் கரண்டை நானே நிறுத்தினேன்: மூன்று மணி நேரப் பேட்டரிச் சோதனை

வணக்கம். இப்போது மணி காலை 9:10. கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு செல்போன் டவரின் அடியில் நிற்கிறேன். மழை தூறிக்கொண்டிருக்கிறது, அதனால் ஒலி கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ இந்த மெயின் சுவிட்சைப் பாருங்கள். வெளிக் கரண்ட் இதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இதை இப்போது இறக்குகிறேன். இறக்கிவிட்டேன். பதற வேண்டாம், அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். ஜெனரேட்டரும் தானாகக் கிளம்பாதபடி மேனுவலில் இருக்கிறது. பகல் 12:10 வரை இந்த டவர் பேட்டரியை மட்டும் நம்பி ஓடப்போகிறது.

ஏன் இந்த வேலை? போன மாதம் ஒரு மழை இரவில் இங்கே கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. காகிதக் கணக்குப்படி பேட்டரி 9 மணி நேரம் தாங்க வேண்டும். 4 மணி நேரம்கூடத் தாங்காமல் டவர் அணைந்தது. மறுநாள் நான் வந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி வழிமறித்தார். "ஏன் மக்களே, இவ்வளவு உயரத்துக்குக் கம்பி நட்டு வைத்திருக்கிறீர்கள், கரண்டு போனால் இதுவும் சேர்ந்து போகிறதே? என் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கு விடிய விடிய எரிந்ததே!" என்றார். எங்கள் ஊரில் பெரியவர்கள் இளையவர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டாலும் 'மக்களே'தான். "பேட்டரி பழசு பாட்டி" என்று சொல்லிவிட்டு நழுவினேன். பைக்கில் திரும்பும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. பழசு என்றால் என்ன? அந்த 5 மணி நேரம் எங்கே போனது?

கணக்கைச் சொல்கிறேன். உலகெங்கும் தொலைத்தொடர்புக் கருவிகள் பெரும்பாலும் 48 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில்தான் (DC) ஓடுகின்றன. அதிலும் ஒரு விநோதம், நேர்முனையைத்தான் நிலத்தோடு இணைத்திருப்பார்கள். காரில் எதிர்முனை பாடியோடு சேரும், இங்கே தலைகீழ். தந்தி, தொலைபேசிக் காலத்துச் செம்புக் கம்பிகள் ஈர மண்ணில் அரித்துப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. ஷெல்டர் என்கிற இந்தக் கருவி அறைக்குள் 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24 வரிசையாக இருக்கின்றன. கொள்ளளவு 600 ஆம்பியர் மணி, அதாவது 60 ஆம்பியர் வீதம் எடுத்தால் 10 மணி நேரம் வரும். என் கிளாம்ப் மீட்டர் இப்போது காட்டும் சுமை 50 ஆம்பியர். புதிய பேட்டரி என்றால் 80 சதவீதம் வரை இறக்கினாலும் 9 மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும்.

9:20. கரண்டில் இருந்தபோது 54 வோல்ட். நிறுத்தியதும் சட்டென்று விழுந்தது, இப்போது கொஞ்சம் ஏறி நிற்கிறது. முதல் சில நிமிடங்களில் ஈய அமில பேட்டரி இப்படித்தான் தடுமாறி எழுந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து முடிவுக்கு வருபவர்கள் உண்டு. காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் பேட்டரி எப்படிச் செத்தது என்று காட்டுகிறேன், ஏனென்றால் பாதிக் குற்றவாளியைப் போன வாரமே பிடித்துவிட்டேன். இந்தக் கறுப்பு ஒயரின் நுனியில் குன்றிமணி அளவில் ஒரு மணி இருக்கிறதே, இதுதான் வெப்ப உணரி. பேட்டரியின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டியது. நான் கண்டுபிடித்தபோது எங்கே தொங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? ஏசி காற்று வீசும் வாய்க்கு நேர் எதிரே. யாரோ பேட்டரியைத் துடைக்கக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப ஒட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதனால் என்ன கேடு? பேட்டரி சூடானால் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்க வேண்டும், குளிர்ந்தால் கூட்ட வேண்டும். ஒரு செல்லுக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 3 மில்லிவோல்ட். 24 செல்லுக்கு 72. அந்த மணி ஏசியின் முகத்தில் தொங்கி '22 டிகிரி, நல்ல குளிர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மூலையில் காற்றுப் போகாத இடத்தில் இருக்கும் பேட்டரியின் உடம்பு 37. வித்தியாசம் 15 டிகிரி. ஆக, தேவைக்கு மேல் 1 வோல்ட்டுக்கும் அதிகமாக, இரவும் பகலும், மாதக்கணக்கில் ஊற்றியிருக்கிறது, வெளிக் கரண்டை மாற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் இந்த ரெக்டிஃபையர். இவை மூடிய செல்கள், தண்ணீர் ஊற்ற வழியில்லை. கூடுதல் சார்ஜில் உள்ளிருக்கும் ஈரம் வாயுவாகி வால்வு வழியாகப் போய்விடும். போனது போனதுதான். போதாக்குறைக்கு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வகைப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 25, 27 டிகிரிக்கானது. அட்டவணையில் 'பேட்டரி பரிசோதிக்கப்பட்டது' என்று மாதாமாதம் டிக் விழுந்திருக்கிறது. அந்தக் கையெழுத்துகளில் இரண்டு என்னுடையவை. மறைக்க ஒன்றும் இல்லை, நானும் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனவன்தான்.

இன்னொரு குற்றவாளி அந்த ஏசியேதான். இப்போது கரண்ட் இல்லை, அதனால் அது ஓடவில்லை. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓரளவுக்கு மேல் ஏறினால் அலாரம் அடிக்கும், மற்ற நாட்களில் அலாரம் அடித்தால் ஜெனரேட்டர் கிளம்பும். பேட்டரியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கும்போதே! அதாவது எத்தனையோ இரவுகள் இங்கே டீசல் எரிந்தது சிக்னலுக்காக அல்ல, அறையின் குளிருக்காக. போன் சிக்னலை அனுப்பி வாங்கும் இப்போதைய ரேடியோ கருவிகள் 45 டிகிரியிலும் சலிக்காமல் வேலை செய்பவை. குளிர் வேண்டியது பேட்டரிக்கு மட்டும். இந்த மலைப்பக்கம் இரவில் வெளிக்காற்றே போதும். வடிகட்டி வைத்த 48 வோல்ட் விசிறி ஒன்று பேட்டரியிலேயே ஓடும், ஏசி தின்பதில் பத்தில் ஒரு பங்குகூடத் தின்னாது.

ஆனால் இதையே கொண்டுபோய்க் குளச்சலிலோ முட்டத்திலோ மாட்டிவிடாதீர்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே உப்பு நேரே உள்ளே வரும், கருவிகளின் சர்க்யூட் கார்டுகளில் பச்சை பூத்துவிடும். கடற்கரை சைட்டுகளுக்கு உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றிக்கொடுக்கும் அமைப்பு வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் மலையும் கடலும் இருக்கும் மாவட்டம் இது. எங்கோ உட்கார்ந்து ஒரே வரைபடத்தை எல்லா டவருக்கும் அனுப்புகிறவர்களை ஒரு நாள் என் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும் என்று ஆசை.

2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஒக்கி புயல். குமரிக்காரர்களிடம் இதைக் கேட்க வேண்டியதே இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரையில் அழுகை, கரையிலோ போன் எடுக்கவில்லை. கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டு. அப்போது எல்லோரும் 'ஜெனரேட்டர் இருக்கிறதே' என்றார்கள். இருந்தது. டேங்கில் டீசலும் இருந்தது, தீரும்வரை. பிறகு கேனில் டீசலோடு வந்தவன் வழியில் நின்றான், சாலையெங்கும் ரப்பரும் தேக்கும் குறுக்கே கிடந்தன. மரம் அறுப்பவரைத்தான் அன்று தேட வேண்டியிருந்தது, டீசலை அல்ல. அந்த நாட்களில் ஒரு மூத்த டெக்னீஷியன் அண்ணன் செய்த காரியம்தான் எனக்குப் பாடம். டேட்டாவுக்கான ரேடியோக்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பேச்சுக்கு மட்டும் ஒன்றை விட்டுவைத்தார். மைக்ரோவேவ் இணைப்பைத் தொடவே இல்லை, ஏனென்றால் அந்த மலை டவர் வழியாகத்தான் கீழே இருக்கும் மற்ற டவர்களுக்கு வழி. அது அணைந்தால் கரண்ட் இருக்கும் டவர்களும் ஊமை. சுமை மூன்றில் ஒரு பங்கானது, அதே பேட்டரி மும்மடங்கு நேரம் வந்தது. நாங்கள் 'இன்னும் ஒரு பேட்டரி பேங்க் கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தீனியைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

11:10. இரண்டு மணி நேரம் முடிந்தது. மொத்த வோல்ட் 48.8. அலுவலகத் திரையில் இந்த எண் மட்டும்தான் தெரியும், பார்க்கிறவர் 'நன்றாக இருக்கிறது' என்பார். நான் ஒவ்வொரு செல்லாகப் பார்க்கிறேன். 1, 2.04. 2, 2.04. 3, 2.05. கேமராவை இப்படியே வைத்துவிடுகிறேன், நீங்கள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்… 16, 2.04. 17… நில்லுங்கள். 1.86. முனையைச் சுரண்டி மறுபடி வைக்கிறேன். 1.86தான். 23 பேர் சுமந்து நடக்கிறார்கள், ஒருவன் தள்ளாடுகிறான். வரிசையில் இணைத்தவை என்பதால் அவன் விழுந்தால் மற்றவர்களையும் இழுப்பான்.

போன காணொளியின் கீழே அடிக்கடி வந்த கேள்வி: "ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலை சுற்றுகிறதே, அங்கே இருக்கும் டவர்களுக்குமா டீசல்?" ஆமாம். அந்தக் காற்றாலைகள் மின்தொகுப்போடு சேர்ந்து ஓடுபவை. தொகுப்பில் மின்சாரம் போனால் அவையும் விலகி நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? பேட்டரி இல்லாத உங்கள் வீட்டுக் கூரை சோலாருக்கும் இதே விதிதான்.

"அப்படியானால் டவருக்குத் தனியாக சோலார்?" நல்ல கேள்வி. 2012இலேயே தொலைத்தொடர்புத் துறை, 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புறத்தில் 20 சதவீதமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் வெளிக் கரண்டும் கலந்த மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டது. சொல்வது எளிது. இந்த டவரின் சுமை 2.4 கிலோவாட், ஒரு நாளைக்கு 57 யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 14 கிலோவாட்டுக்கு மேல் தகடு வேண்டும், நிழல் விழாத இடமாக இரண்டு சென்டுக்கு மேல் வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்யும் ஊர், சுற்றிலும் ரப்பர் மரம். இதற்கு மரம் வெட்டச் சொன்னால் தோட்டக்காரர் கத்தியை என் பக்கம் திருப்புவார். அதே சுமை பாதியானால் தகடும் பாதி, இடமும் பாதி. அப்போது பேசலாம்.

பாதியாக்க முடியுமா? அதோ மேலே, ஆன்டெனாவை ஒட்டிய பெட்டிகளைப் பாருங்கள். முன்பு அவை கீழே அறைக்குள் இருந்தன. சிக்னல் 40 மீட்டர் நீளமுள்ள தடித்த கேபிளில் ஏறி மேலே போவதற்குள் சக்தியில் ஏறக்குறைய பாதி கேபிளிலேயே வீணாகும். பெட்டியை மேலே ஏற்றியதும் அந்த நஷ்டம் போனது, அறையின் சூடும் குறைந்தது. உள்ளே இருக்கும், குறைந்த மின்சாரத்தில் சிக்னலை வலுவாக்கும் பெருக்கியின் சூத்திரம் 1936இல் பெல் ஆய்வகத்தில் டோஹர்ட்டி என்ற பொறியாளர் கண்டுபிடித்தது, வானொலி நிலையத்துக்காகச் செய்தது இன்று உங்கள் போனுக்கு உழைக்கிறது. இந்த சைட்டில் இன்னும் இரண்டு பழைய ரேடியோக்கள் கீழேயே இருக்கின்றன. முதலில் அவற்றை ஏற்ற வேண்டும்.

அடுத்தது தூக்கம். ஆள் பேசாத நேரத்தில் சில ரேடியோக்களை மென்பொருளே உறங்க வைக்கும். அருமையான வசதி. ஆனால் இங்கே அதை நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை என்று வைத்தார்கள். ரப்பர் வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு 3 மணிக்கே தோட்டத்தில் இருப்பார்கள். ஆளில்லாத காட்டில் பாம்பு கடித்தால் கூப்பிட போன் வேண்டாமா? கவரேஜ் தரும் ரேடியோ உறங்கக்கூடாது, கூட்டத்துக்காகப் போட்ட கூடுதல் ரேடியோ உறங்கட்டும் என்று எழுதி அனுப்பினேன். மாற்றிவிட்டார்கள். புகார் மட்டுமே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

12:10. மொத்தம் 48.2. பதினேழாமவன் 1.74. சோதனை முடிந்தது, அவனுடைய கதையும் முடிந்தது. மூன்று மணி நேரத்தில் 150 ஆம்பியர் மணி எடுத்திருக்கிறோம், கால்வாசிதான். மற்ற 23 நன்றாகவே இருக்கின்றன. லித்தியம் போடலாமே என்பீர்கள். போடலாம், எடை வெகுவாகக் குறையும், சூட்டையும் வேகமான சார்ஜையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த வெப்ப மணியை மறுபடி ஏசியின் முகத்தில் தொங்கவிடுகிற கை அதையும் வீணாக்கும்.

சரி, மெயினைப் போடுகிறேன். போட்டாகிவிட்டது. ரெக்டிஃபையரில் பச்சை விளக்கு வர வேண்டும். வரவில்லை. இருங்கள். டெஸ்டரை வைக்கிறேன்… கரண்ட் இல்லை. கம்பத்திலிருந்தே வரவில்லை. கீழே எங்கோ மழையில் கிளை விழுந்திருக்க வேண்டும். பாருங்கள், இதற்குத்தான் மழை நாளில் பேட்டரிச் சோதனை வைக்கக்கூடாது என்பது. எனக்கு யார் சொல்வது?

இனி ஜெனரேட்டர்தான். போன மாதம் கிளம்பாததற்குக் காரணம் அதன் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் பேட்டரி, மாற்றிவிட்டேன். சாவியைத் திருப்புகிறேன். ம். மறுபடி. பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகையைப் பாருங்கள், இத்தனை நாள் குறைந்த சுமையில் சும்மா உறுமிக்கொண்டிருந்ததால் எரியாத டீசல் உள்ளே படிந்திருக்கிறது. 15 கேவிஏ இயந்திரத்துக்கு 2.4 கிலோவாட் சுமை, யானைக்குச் சோளப்பொரி. இன்று டவருக்கு 50, பேட்டரி சார்ஜுக்கு 60, ஆக 110 ஆம்பியர், ஏறக்குறைய 6 கிலோவாட். பாதிச் சுமை. இப்படி நன்றாக உழைக்கவைத்துச் சீக்கிரம் நிறுத்துவதுதான் டீசலுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது. புகை தெளிந்துவிட்டது பார்த்தீர்களா?

போன் அடிக்கிறது, அலுவலகம்.

"சொல்லுங்கள் சார்… ஆமாம் சார், மெயின்ஸ் ஃபெயில் அலாரம்தான்… இல்லை சார், சோதனை முடிந்துவிட்டது. இது நிஜம்."