ஆச்சியின் பிடியரிசி டப்பாவும் தம்பி கேட்ட கேள்வியும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் இந்த அறையில் இரண்டு நிமிஷம் உட்கார முடியாது. இது எங்கள் ஆச்சியின் அறை. பின்னால் தெரிகிற கட்டில் அவர்களுடையதுதான். போன டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவன், ஒரு வாரம் சேர்த்துத் தங்கிவிட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் ஈஸ்டர் என்றால் விடிய மூன்றரைக்கே கோயில் மணி அடித்துவிடும். ஆராதனை முடிந்ததும் இருட்டோடு இருட்டாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அதற்குள் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்திருப்பார்கள், சுண்ணாம்பு வாசம் போயிருக்காது. ஆச்சிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. சித்தி மகன், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவன், எங்கிருந்தோ ஒரு சிரட்டையைத் தேடி எடுத்துவந்து மறைப்பாக வைத்தான். வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டான்: “அண்ணே, பரலோகம்தான் நம்ம ஊருன்னா, இங்க எதுக்கு அரியரெல்லாம் கிளியர் பண்ணி வேலைக்குப் போகணும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் வரவில்லை. அதே கேள்வியை நானும் வேறு மாதிரி சுமந்துகொண்டுதான் திரிந்தேன். சென்னையில் ஒன்பது வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கன்வென்ஷன் கூட்டங்களில் எத்தனையோ தடவை முழங்காலில் நின்று, “ஆண்டவரே, எனக்கென்று நீர் வைத்திருக்கிற காரியம் இதுவாக இருக்காது” என்று அழுதிருக்கிறேன். பரலோகம் ஒரு பக்கம், திங்கட்கிழமை ஒரு பக்கம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

சின்ன வயதில் மனதில் பதிந்த படம் அப்படி. சண்டே ஸ்கூலில் பொன்வீதி என்று சொன்னார்கள். மழை பெய்தால் வழுக்குமே என்பதுதான் எனக்கு அப்போதைய கவலை. எப்படியும் ஒருநாள் மேலே போய்விடுவோம், அதுவரைக்கும் இங்கே இருப்பது பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. அந்தப் பொன்வீதி வருகிற அதிகாரத்தையே எடுத்துப் பாருங்கள், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 21. இரண்டாம் வசனத்தில், பரிசுத்த நகரம் பரலோகத்தைவிட்டு இறங்கி வருவதை யோவான் பார்க்கிறார். இறங்கி வருகிறது! அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டதால் இந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமும் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அடக்க ஆராதனையில் வாசிப்பார்களே, 1 கொரிந்தியர் 15. முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றிய நீளமான அதிகாரம். “மரணமே! உன் கூர் எங்கே?” என்கிற 55-ஆம் வசனம் வரும்போது யாராவது விம்முவார்கள். இதை எழுதிய பவுல் அதோடு முடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் 58-ஆம் வசனத்தை “ஆகையால்” என்று தொடங்குகிறார். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், ஆகையால் அசையாமல் நில்லுங்கள், கர்த்தருடைய வேலையில் பெருகுங்கள், நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாகப் போகாது. தம்பிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அந்த “ஆகையால்”தான். செய்த வேலை மண்ணோடு மண்ணாகப் போகிறதென்றால்தானே, எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்வியே வரும்?

எங்கள் ஜில்லாவிலேயே, மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் இறக்கும்வரை சொந்த ஊரான அயர்லாந்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901-இல், இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி அவரிடம் தப்பி வந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் பிள்ளைகள். பிரசங்கம் பண்ண வந்தவருக்கு வாய்த்தது பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும். இது என் ஊழியம்தானா என்று அவரும் குழம்பியிருக்கிறார். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே போயிற்று. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். நாங்கள் என்னவென்றால், ஆச்சிக்கு கிரானைட்டா மொசைக்கா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம்.

சரி, இதைக் காட்டத்தான் கேமராவையே எடுத்தேன். பழைய போர்ன்விட்டா டப்பா. ஆச்சி உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து இதில் போடுவார்கள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். வாழ்க்கையின் நோக்கம் என்றெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கடைசி மாசங்களில் மூட்டுவாதத்தில் விரல் மடங்கவில்லை. பிடி சின்னதாகிவிட்டது என்று இரண்டு தடவை அள்ளிப் போட்டார்கள்.

அவர்கள் போன பிறகு இதை யாரும் தொடவில்லை. நேற்றுத் திறந்தால் பாதி டப்பா அரிசி, வண்டு விழுந்து கிடந்தது. தம்பிதான் முறத்தில் கொட்டிப் புடைத்தான். அவனுக்குப் புடைக்கத் தெரியாது, கால்வாசி முற்றத்துக்குப் போயிற்று. கோழிகளுக்குக் கொண்டாட்டம். குறைந்ததற்குப் பதிலாக அம்மா இன்று காலை ஒரு பிடி போட்டார்கள்.

நாளை ராத்திரி எனக்குச் சென்னைக்கு பஸ். அதே வேலைதான். மருந்துக்கடைகளுக்கான மென்பொருளைத்தான் நான் டெஸ்ட் பண்ணுகிறேன், ஒரு புள்ளி இடம் மாறினால் யாரோ ஒரு ஆச்சிக்கு மாத்திரையின் அளவு மாறிவிடும். தம்பி அரியருக்குப் பணம் கட்டிவிட்டானாம்.

இரண்டாம் மணி அடித்துவிட்டது. அவன் டப்பாவோடு வாசலில் நிற்கிறான், கூப்பிடுகிறான். வருகிறேன்.