விளக்கு எரிகிறது, பென் டிரைவ் திறக்கவில்லை: சொந்தக் கர்னலில் விட்டுப்போன மாட்யூல்களைத் தேடி

வணக்கம் நண்பர்களே. இன்று கேமராவை மேசையை நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்தப் பென் டிரைவின் முனையில் ஒரு நீல விளக்கு இருக்கிறது, அது உங்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். இதோ செருகுகிறேன். விளக்கு எரிகிறது. இப்போது திரையைப் பாருங்கள். புதிய சாளரம் எதுவும் வரவில்லை. கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலிலும் எதுவும் சேரவில்லை.

நேற்று மாலை வரை இதே மடிக்கணினியில் இதே பென் டிரைவ் செருகிய மறுகணமே திறந்தது. இடையில் நடந்தது ஒன்றுதான். இரவு உட்கார்ந்து லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்து நிறுவினேன். இதற்குள் என் அக்கா மகளின் காதணி விழாப் படங்கள் இருக்கின்றன. மாலைக்குள் ஸ்டுடியோவில் கொடுத்தாக வேண்டும். பழைய கர்னலில் பூட் செய்து எடுத்துவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பென் டிரைவைத் தானாகத் திறப்பது கர்னலின் வேலை அன்று. கர்னல் சாதனத்தை அடையாளம் கண்டு, 'எஸ்டிபி1' போன்ற ஒரு பெயரில் முன்னே வைக்கிறது. அந்தச் செய்தி யூடெவ் என்ற நிரலுக்குப் போகிறது. அங்கிருந்து யூடிஸ்க்ஸ் என்ற சேவைக்கு. கோப்பு மேலாளர் கேட்டுக்கொண்டதும் யூடிஸ்க்ஸ்தான் அதை மீடியா அடைவுக்குள் உங்கள் பெயரில் மவுண்ட் செய்கிறது, அதாவது கோப்புகளைத் திறக்கும்படி ஓர் அடைவாக இணைக்கிறது. கையிலிருந்து கைக்குச் செங்கல் மாற்றுவதைப் போல. ஒரு கை இல்லாவிட்டால் செங்கல் அங்கேயே நின்றுவிடும்.

இந்தச் சிக்கலைச் சொன்னால் பலர் உடனே, எவற்றை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்து வைக்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். யூடெவ் விதியிலேயே மவுண்ட் கட்டளையை எழுதச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் செய்யாதீர்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் யூடெவ் தனக்கென்று பிரித்து வைத்த ஒரு மவுண்ட் வெளிக்குள் (நேம்ஸ்பேஸ்) ஓடுகிறது. அது மவுண்ட் செய்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், நேற்றுவரை அந்தப் பகுதி ஒழுங்காக வேலை செய்தது. மாறியது கர்னல் மட்டும்தான். அங்கே தேடுவோம்.

டெர்மினலில், கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையைக் கொடுக்கிறேன். கடைசி வரிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். 'நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்து தயாரிப்பாளர் பெயர், வரிசை எண். அதோடு முடிந்தது. இதன் கீழே 'யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ் டிடெக்டட்' என்று ஒரு வரி வந்திருக்க வேண்டும். இல்லை. பிழைச் செய்தியாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இல்லாத டிரைவர் எப்படிக் குறை சொல்லும்? அதனால்தான் இந்தக் கோளாறில் பலர் மணிக்கணக்காக மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் தான் யாரென்று எண்களில் சொல்கிறது. இந்தப் பென் டிரைவ் சொல்வது: வகுப்பு 08, உட்பிரிவு 06, நெறிமுறை 50. 08 என்றால் சேமிப்புச் சாதனம். கர்னலில் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் போன்ற துண்டுகளுக்கு மாட்யூல் என்று பெயர். யூடெவ் இந்த எண்களை எடுத்துக்கொண்டு மாட்யூல் அடைவில் உள்ள 'மாட்யூல்ஸ்.ஏலியஸ்' கோப்பில் பொருத்தம் தேடும். கிடைக்கும் பெயர் 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்' என்றால் அதை ஏற்றும். என் புதிய கர்னலின் கோப்பில் தேடிக் காட்டுகிறேன். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பழைய கர்னலின் கோப்பில் அதே தேடல். இருக்கிறது.

எப்படி விட்டுப்போயிற்று? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தரும் கர்னல் அமைப்பில், அதாவது எவற்றைக் கம்பைல் செய்வது என்ற பட்டியலில், ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் உண்டு. 2012-இல் வாங்கிய இந்தக் கணினியில் அத்தனையையும் கம்பைல் செய்தால் விடிந்துவிடும். அதனால் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். கர்னல் நிரலாளர் ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2.6.32 பதிப்பிலிருந்து கர்னலோடு வருகிறது. அந்த நேரத்தில் நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை 'எல்எஸ்மாட்' வழியாகப் பார்த்து, மற்ற மாட்யூல்களை அமைப்பிலிருந்து நீக்கிவிடும். மிக நல்ல கருவி, என் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் நான் அதை ஓட்டியபோது பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த பூட்டில் ஒருமுறைகூடச் செருகவில்லை. செருகாத சாதனத்தின் மாட்யூல் ஏறியிருக்காது, ஏறாதது அமைப்பிலும் இல்லை.

சரி, சேர்ப்போம். அமைப்பை மாற்றும் பட்டியலான 'மேக் மெனுகான்ஃபிக்' திறக்கிறேன். டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் யூஎஸ்பி சப்போர்ட், அதற்குள் யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் சப்போர்ட். 'எம்' விசையைத் தட்டுகிறேன், மாட்யூலாக வரும். வழி மறந்துவிட்டால் சாய்கோட்டு விசையைத் தட்டிப் பெயரைத் தேடலாம். அடுத்து ஃபைல் சிஸ்டம்ஸ் பகுதியில் விஃபேட், இந்தப் பென் டிரைவில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. அதற்கும் 'எம்'. பிறகு 'மேக்', 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்', ஒரு மறுதொடக்கம். மாற்றம் சிறியது என்பதால் முழுக் கம்பைலும் மறுபடி நடக்காது. இங்கே வீடியோவை நிறுத்தித் தொடர்கிறேன்.

வந்துவிட்டேன். 'யூநேம் -ஆர்' கொடுத்து, சரியான கர்னலில்தான் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன். இப்போது செருகுகிறேன். பட்டியலில் பெயர் வந்துவிட்டது! சொடுக்குகிறேன்.

இந்தச் செய்திப் பெட்டியை நன்றாகப் பாருங்கள். கோப்பு முறைமை தவறு, விருப்பம் தவறு, சூப்பர்பிளாக் கெட்டது, கோட்பேஜ் அல்லது துணை நிரல் இல்லை, அல்லது வேறு பிழை. ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. படிப்பவர் கண்ணில் 'சூப்பர்பிளாக் கெட்டது' மட்டும்தான் படும். நெஞ்சு திக்கென்றாகும். பென் டிரைவ் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குடும்பப் படங்கள் இருக்கும் பென் டிரைவை இந்த ஒரு வாக்கியத்தை நம்பி அழித்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுக்கிறேன்.

உண்மையான காரணம் டிமெஸ்ஜியில் இருக்கிறது. 'கோட்பேஜ் சிபி437 நாட் ஃபவுண்ட்.' ஒரே வரி, ஒளிவுமறைவு இல்லை. ஃபேட் கோப்பு முறைமை, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தது. அதன் எட்டெழுத்துக் குறும்பெயர்களைப் படிக்க 437 என்ற எழுத்து அட்டவணை வேண்டும். விஃபேட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த அட்டவணை தானாகக் கூடவே வராது. ஃபைல் சிஸ்டம்ஸ் பகுதியின் அடியில், நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட் என்ற தனிப் பட்டியலில் நாமே போய் எடுக்க வேண்டும்.

அதை மட்டும் எடுத்தால் அடுத்த தடவை வேறொரு வரி வரும்: 'ஐஓ சார்செட் ஆஸ்கி நாட் ஃபவுண்ட்.' கர்னல் முதலில் கோட்பேஜைத் தேடுகிறது, அது கிடைத்த பிறகே இதை, அதாவது பெயர்களை நமக்குக் காட்டும் எழுத்து அட்டவணையைத் தேடுகிறது. டெபியன் அமைப்பிலிருந்து தொடங்கியவர்களுக்கு ஆஸ்கி. கர்னலின் இயல்பு அமைப்பிலிருந்து தொடங்கியவர்களுக்கு ஐஎஸ்ஓ8859-1. மூன்றையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், யூடிஎஃப்-8 இருந்தால் அதையும். நான் எடுத்துவிட்டேன்.

யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கணினி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். அவர்களுடைய பூட் பகிர்வே ஃபேட் என்பதால் இந்த மாட்யூல்கள் ஏற்கெனவே ஏறியிருக்கும். அவர்களுக்கு வேறொரு குழி உண்டு. உள்ளே என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் இருந்தால், யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கு வேண்டிய 'எஸ்டி_மாட்' மாட்யூல் ஏறியிருக்காது. அப்போது மாஸ் ஸ்டோரேஜ் வரி வரும், ஆனால் டிஸ்க்குகளைக் காட்டும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையின் பட்டியலில் டிஸ்க் வராது. வெளி ஹார்ட் டிஸ்க் பயன்படுத்துபவர்கள் 'யூஏஎஸ்' மாட்யூலையும், 32 ஜிபிக்கு மேற்பட்ட கேமரா அட்டை வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையையும் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு இப்போதுள்ள டிரைவர் 2020-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கர்னலிலேயே இருக்கிறது.

இனிமேல் நான் செய்யப்போவது இதுதான். லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டும் முன் வீட்டிலுள்ள பென் டிரைவ், கேமரா அட்டை, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை செருகித் திறந்துவிடுவேன். எடுத்த பிறகும் மாட்யூல் நினைவகத்தில் தங்கியிருக்கும், அதுவே போதும். கூடவே 'எல்எம்சி_கீப்' என்ற மாறியில் 'டிரைவர்ஸ்/யூஎஸ்பி', 'டிரைவர்ஸ்/எஸ்சிஎஸ்ஐ', 'எஃப்எஸ்' மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுப்பேன். அந்த அடைவுகளில் லோக்கல்மாட்கான்ஃபிக் கை வைக்காது. கம்பைல் நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

மறுபடியும் பூட் ஆகிவிட்டது. செருகுகிறேன். நீல விளக்கு இரண்டு முறை சிமிட்டுகிறது... சாளரம் திறந்துவிட்டது. பாருங்கள், 'காதணி விழா' என்று தமிழிலேயே அடைவின் பெயர், ஓர் எழுத்தும் சிதையவில்லை. இயல்பு சார்செட் ஆஸ்கியாக இருந்தாலும் யூடிஸ்க்ஸ் 'யூடிஎஃப்8' விருப்பத்தோடு மவுண்ட் செய்வதால் நம் எழுத்து பிழைக்கிறது. விஃபேட் நீண்ட பெயர்களை யூனிகோடில்தான் சேமிக்கிறது.

உள்ளே முதல் படம். பாப்பா தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஊசி படுவதற்கு ஒரு நொடி முன்பு. தாய்மாமன் நான்தான். இந்தப் படத்தைத்தான் ஆல்பத்தின் அட்டையில் போடச் சொல்லியிருக்கிறோம். ஒரு பிரதி கணினியில் எடுத்துக்கொண்டு, முறையாக வெளியேற்றுகிறேன். விளக்கு அணைந்தது. ஸ்டுடியோவை மூடுவதற்குள் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், நண்பர்களே.